வாரத்துக்கு ஒரு ஊசி, நாளுக்கு ஒரு மனசு

உட்கார்ந்து காது கொடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களில் நானும் ஒருத்தி. உங்களிலும் சிலர் இருப்பீர்கள்: ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூடத்தில், சங்க ஆபீசில், சம்பளமே இல்லாமல் சொந்த வீட்டில். அடுத்தவர் பேசி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படிப்பட்ட தண்டனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்கு அது இரட்டைத் தண்டனை. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் ஒரு நாற்காலியில் இருக்க முடியாத சுபாவம் என்னுடையது. காலாட்டுவேன், பேனா மூடியைத் திருகுவேன், ஜன்னல் திரையை இழுத்து இழுத்து விடுவேன்.

இலங்கை மலைநாட்டில், ஹட்டன் டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தில் எனக்கு வேலை. எங்கள் டாக்டர், சீனி வியாதியோ முட்டிவலியோ இருக்கிற கனத்த ஆட்களுக்கு, எடையைக் குறைக்க வாரத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி எழுதிக் கொடுக்கிறார். பசியை அடக்குகிற ஊசி. சிலருக்குப் பசி அடங்கும்போது மனசும் ஒரு மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்தவர், ஊசி எடுக்கிற எல்லாரும் என் அறையிலும் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார். இடையிடையே நான் போன் எடுத்தும் விசாரிப்பேன். இதில் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். பேச்சை மாற்றவில்லை.

பலகை

மனநலம் என்று பலகை மாட்டினால் எங்கள் ஊரில் ஒருவரும் உள்ளே வரமாட்டார்கள். தெருவில் போகிறவர்கூட எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். அதனால் ‘ஆலோசனை’ என்று மட்டும் எழுதி வைத்தோம். உடனே கூட்டம் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைக்கு எந்த ஸ்கூல் நல்லது என்று கேட்பவர்கள், வீடு கட்டக் காணி கிடைக்குமா என்று விசாரிப்பவர்கள், எல்லாரும் வந்தார்கள். டாக்டர் சட்டம் போட்டும் ஊசிக்காரர்கள் மட்டும் முதலில் வரவில்லை.

ஒரு நாள் ஒரு அம்மா மகளின் பாஸ்போட்டோடு வந்து உட்கார்ந்தார். இங்கே அந்த வேலை செய்வதில்லை, மனக்கஷ்டம் ஏதும் இருந்தால் சொல்லலாம் என்றேன். சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேட்டார். கேட்டுக்கொள்வேன் என்றேன். அவர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் போத்தல், மூக்குச் சிந்த ஒரு பெட்டிக் காகிதம். பாஸ்போட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“கேக்குறதுக்கு மட்டும் எதுக்கு மிஸ் தனியா ஒரு ரூம்பு? எங்க லயத்து வீட்டுல செவுத்துக்கு அந்தப் பக்கம் எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்காங்க?”

ஸ்டெல்லா டீச்சர்

டயகம பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர் ஸ்டெல்லா டீச்சர். கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார், மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் டீச்சரும் மகள் நிரோஷாவும்தான். மாதா கோவில் திருநாள் என்றால் பெரிய சட்டியின் பக்கத்தில் டீச்சர் நிற்பார். ஸ்கூலில் மற்ற டீச்சர்மார் எல்லாரும் மத்தியானம் இவருடைய சாப்பாட்டுப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார்களாம். சமைப்பதிலும் சாப்பிடுவதிலும் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு. ஆனால் சீனி ஏறிவிட்டது, ஸ்கூல் படிக்கட்டில் முட்டி மடங்கவில்லை. டாக்டர் ஊசி எழுதினார்.

என் அறைக்கு வந்தவுடன், என்னென்ன கேள்வி கேட்கப் போகிறேன் என்று முதலில் சொல்லச் சொன்னார். பிறகு என் ஆடுகிற காலை ஒரு பார்வை பார்த்தார். அது தானாக நின்றுவிட்டது. தூக்கம் நல்லம், வேலை நல்லம், வீடு நல்லம் என்று எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டே போனார். ஊசி எடுப்பது கணவருக்கும் மகளுக்கும் தெரியாது என்றார். இளைத்தால், காலையில் நடக்கிறேன், கொள்ளு அவித்துக் குடிக்கிறேன் என்று சொல்லிக்கொள்வாராம். ஊசி போட்டு இளைத்தவள் என்று பெயர் வாங்க அவரால் ஏலாது. வீட்டில் ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும், மனசு சரியில்லாமல் போனால் முதலில் கண்டுபிடிக்கப் போவது அவர்கள்தான் என்று நான் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

“சந்தோசத்துக்கு எனக்கு ஒரு கொறையும் இல்ல மிஸ். எடைதான் கூட. நீங்க அத மட்டும் பாருங்க.”

நாநாவின் பிரிட்ஜ்

ரகசியமாக வைக்கவே முடியாமல் போனவரும் உண்டு. புஷ்பம் அக்கா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனால் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. மகன் கட்டாரில் இருந்து அனுப்புகிற காசில் ஊசி வாங்கிவிட்டார், அதைக் குளிரில் வைக்க வீட்டில் பிரிட்ஜ் இல்லை. சந்தியில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன், எல்லாருக்கும் நாநா, சோடாப் போத்தலுக்கும் யோகட் கோப்பைக்கும் நடுவில் இடம் கொடுத்தார். ஒரே வாரத்தில் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கா கடையில் ஒரு பணிஸ், அதுதான் பன், கேட்டால், பாக்கு வாங்க வந்தவர் வரை திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் ஊசியே வேண்டாம் என்று என்னிடம் வந்து குதித்தார்.

அடுத்து ஒரு வாரம் அக்கா ஊசி எடுக்கக் கடைக்குப் போகவில்லை. நாநா தன் மனைவியை அனுப்பிப் பார்த்தால், அக்கா பிள்ளைக் காம்பராவின் பின்பக்கம் உட்கார்ந்து காரணம் தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறார். நாநா கடையை மகளிடம் கொடுத்துவிட்டு, முச்சக்கர வண்டியில் அக்காவை எங்களிடம் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் செய்தது பெரிய உதவி. ஆனாலும் எனக்கு இருந்த எரிச்சலில், பணிஸ் வாங்குகிறவரை எல்லாம் ஏன் குறுக்குவிசாரணை செய்கிறீர்கள் என்று அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார்.

“ஊசி அவங்கட, பிரிட்ஜ் நம்மட. எடுக்க வராத வாரம், பிரிட்ஜத் தொறக்கிற நேரமெல்லாம் எனக்குத்தானே மிஸ் நெஞ்சு சரியில்ல?”

குண்டன் எங்கே?

சிவநேசன் நானுஓயா ஸ்டேஷனில் வேன் ஓட்டுகிறவர். ரயிலில் வந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போவார். ஊசியில் அவர் அளவுக்கு இளைத்தவர் எங்களிடம் இல்லை. டாக்டருக்கு ஒரே பெருமை. ஆனால் ஊரில் பார்த்தவர்கள் எல்லாரும், என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரியில் காட்டுகிறீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். மலையில் ஒருவர் இளைத்தால், வியாதி என்பார்கள், இல்லாவிட்டால் கஷ்டம் என்பார்கள். வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. அவருடைய அம்மா முனியாண்டி கோவிலுக்கு நேர்த்தி வைத்துவிட்டார்.

ஸ்டேஷனில் மற்ற டிரைவர்மார் சின்ன வயதிலிருந்து அவரைக் குண்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது கூப்பிட வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சிவநேசன் என்று கூப்பிட்டால் இவருக்கே வேறு யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதாம். கண்ணாடியைப் பார்த்தால் சந்தோஷம்தான், ஆனால் ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, எதையோ எங்கேயோ விட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கிறது என்றார். அதைச் சொல்லும்போது நாற்காலியின் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருடைய காலும் ஆடிக்கொண்டிருந்தது.

“குண்டான்னு கூப்பிட்டா கோவம் வரும் மிஸ். இப்ப யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க, அதுக்கு அதவிட கோவம் வருது.”

பிஸ்கட் தட்டு

இவர்களை எல்லாம் ஒரு சனிக்கிழமை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விட்டால் என்ன என்று எனக்கு யோசனை வந்தது. டாக்டரும் சரி என்றார். வரவேற்பில் இருக்கிற குமாரி, சிங்களப் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசுவாள், எல்லாருக்கும் தேத்தண்ணியும் ஒரு தட்டு கிரீம் பிஸ்கட்டும் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டாள். பசியில்லாத ஆட்கள் ஒரு வட்டமாக உட்கார்ந்து அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்பெல்லாம் பிஸ்கட்டைக் கண்டால் கை தானாகப் போகும், இப்போது போகமாட்டேன் என்கிறது, அந்தக் கையைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று சிவநேசன் தொடங்கினார். பிறகு எல்லாரும் பேசினார்கள். கல்யாண வீட்டுப் பிரியாணி, மழை நாளில் ரொட்டியும் கட்டச்சம்பலும், திருநாள் பாயாசம். செத்துப்போன சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருந்தது.

ஸ்டெல்லா டீச்சரும் வந்திருந்தார். நன்றாக இளைத்திருந்தார், சட்டை தோளில் தொங்கியது. எப்படி இருக்கிறீர்கள் என்றால் நல்லா இருக்கேன் என்றார், அதோடு சரி. சமையல் பேச்சு அவ்வளவு நடந்தும் அவர் வாய் திறக்கவில்லை. நான் கூட்டம் முடியும்வரை காலாட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு தடவைகூட முறைத்துப் பார்க்கவில்லை. அது என்னவோ எனக்குச் சரியாகப் படவில்லை, டாக்டரிடமும் சொல்லிவைத்தேன். தட்டை எடுக்க வந்த குமாரி ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள்.

“சாப்பிடுற ஆக்கள் இவ்வளவு சாப்பாட்டுக் கதை கதைக்கிறது இல்ல மிஸ். அவங்க சாப்பிட்டுட்டுப் போறது.”

கினிகத்தேனைப் பேச்சு

நிரோஷா தலவாக்கலையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஒரு பையனை விரும்பினாள். அவர்களும் டீச்சர் வீட்டைப் போல வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். வீடு கினிகத்தேனையில். பையனுடைய அம்மா எலிசபெத்தம்மா ரோட்டோரம் கடை வைத்திருக்கிறவர். பேச வாருங்கள் என்று அவர் அழைத்து, டீச்சரும் கணவரும் மகளும் போயிருக்கிறார்கள். அங்கே கோழி அடித்து, பாயாசம் காய்ச்சி, பெரிய விருந்து. எதைக் கேட்டாலும் நல்லம் என்று டீச்சர் சொல்லிவிட்டதால், டாக்டர் ஊசியின் அளவைக் கூட்டிய வாரம் அது. டீச்சர் ஒரு வாய் வைத்திருக்கிறார், குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டு வெளியே தண்ணீர் ஓடுகிற கானோரம் போய் நின்றவர், திரும்பி வந்து எனக்குப் போதும் என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டார்.

எங்கள் ஆட்களுக்குள் சம்பந்தம் பேசப் போன வீட்டில் கை நனைப்பது, அதாவது உட்கார்ந்து சாப்பிடுவது, சம்மதம் சொல்வதற்குச் சமம். பகை இருந்தால்தான் சோற்றை ஒதுக்குவார்கள். டீச்சர் வீட்டுக்கு எங்கள் சோறு இறங்கவில்லை போலிருக்கிறது, அப்படியானால் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம் என்று எலிசபெத்தம்மா சொல்லியனுப்பிவிட்டார். அம்மா தனக்குப் பிடிக்காத கல்யாணத்தை இப்படிக் கெடுத்துவிட்டதாக நினைத்து நிரோஷா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கணவர் கோபித்துக்கொண்டு கொழும்பு பஸ் ஏறிவிட்டார். ஊசி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீச்சர் சொல்லவில்லை.

இதை எல்லாம் அவர் என்னிடம் மூன்றாம் வகுப்புப் பாடம் வாசிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். மகளிடம் இப்போதாவது சொல்லுங்கள் என்றேன். சொல்லலாம் என்றார். சமைக்கிறீர்களா என்றேன். எதுக்கு என்றார். எனக்கு எழுந்து அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அந்த வார ஊசியைப் போட வேண்டாம், திங்கட்கிழமை கட்டாயம் வாருங்கள் என்றார். வாசல்வரை கூடப் போனேன்.

“எனக்கு அழுகைகூட வர மாட்டேங்குது மிஸ். பசி போன பக்கமே அதுவும் போயிருச்சு.”

டயகம பஸ்

திங்கட்கிழமை டீச்சர் வரவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. ஸ்கூலுக்கு எடுத்தால், சுகமில்லை என்று லீவு போட்டிருக்கிறார் என்றார்கள். செவ்வாயும் அப்படியே. வீடு தேடிப் போவது என் வேலையில் இல்லை. ஆனால் நான் அறைக்குள் நடந்து நடந்து தரை தேய்வதைப் பார்த்த குமாரி என் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அந்த பஸ்ஸைப் பற்றி என்ன சொல்ல. லிந்துலையில் மூட்டை ஏற்றினார்கள், அக்கரப்பத்தனையில் டிரைவர் இறங்கித் தேத்தண்ணி குடித்தார். மிசாரம் வேறு ஜன்னலை மூடிக்கொண்டது, குளிரோடு தூறுகிற அந்த மழையில் வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் இறங்கி நடந்தாலே முன்னே போய்விடலாம்போல் இருந்தது. மனசுக்குள் கண்டதெல்லாம் ஓடியது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. டீச்சர் குசினியில், எரியாத அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். வாங்க மிஸ் என்றார். தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. மலையில் பகையாளி வந்தாலும் அதைக் கேட்காத வீடு கிடையாது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். பக்கத்தில் ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்க வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் கேட்டேன். சாகவேண்டும் என்று தோன்றுகிறதா டீச்சர்? அவர் என்னைப் பார்த்தார். “சாகணும்னு தேடிப் போக மாட்டேன் மிஸ். ஆனா காலையில கண்ணு முழிச்சா, ஏன் முழிச்சோம்னு இருக்கு.” யாரிடமும் இதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொழிலில் அது கூடாதுதான், வந்துவிட்டது.

அவரைத் தனியாக விடவில்லை. டாக்டருக்குப் போன் எடுத்தேன். நுவரெலியாவில் மனநல டாக்டரை அன்றைக்கே பார்க்க அவர் ஏற்பாடு செய்தார். நானுஓயாவில் நின்ற சிவநேசன், கேட்டவுடன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தார். நான் சொன்னபடி, வருகிற வழியில் தலவாக்கலையில் நிரோஷாவையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஊசியைப் பற்றி டீச்சரே மகளிடம் சொல்லட்டும் என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நிரோஷா அம்மாவின் இளைத்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஊசின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இத்தன நாள் பேசாம இருந்திருப்பேனாம்மா? நீங்க எங்கள வெறுத்துட்டீங்கன்னுல்ல நெனச்சேன்.”

முட்டியா மனசா

மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார், அடிக்கடி வரச் சொன்னார். எங்கள் டாக்டர் ஊசியை நிறுத்தினார். எல்லாம் ஊசியால்தான் என்று சொல்ல முடியாது, ஊசியால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்று டீச்சரிடம் நேராகவே சொன்னார். நிரோஷா ஒவ்வொரு தடவையும் கூடவே வந்தாள். கணவர் கொழும்பிலிருந்து தினமும் போனில் பேசத் தொடங்கினார். மெல்ல மெல்ல டீச்சர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தார். ஒரு நாள் என் காலைப் பார்த்து முறைத்தார். எனக்குச் சம்பளம் கூடின மாதிரி இருந்தது.

ஆனால் சீனி திரும்ப ஏறியது. படிக்கட்டில் முட்டி திரும்ப மடங்க மறுத்தது. டாக்டர்மார் இரண்டு பேரும் பேசி, மிகச் சிறிய அளவில் ஊசியை மறுபடி தொடங்கிப் பார்க்கலாம், மாத்திரையும் இருக்கட்டும், மகள் கவனித்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் மாறினாலும் உடனே நிறுத்திவிடலாம் என்றார்கள். டீச்சருக்கும் பயம், எனக்கும் பயம். வேண்டாம் என்று சொல்ல நான் யார், வேண்டும் என்று சொல்லவும் நான் யார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததுதான் நான் செய்தது.

“முட்டியக் குடுத்து மனச வாங்குறதா, மனசக் குடுத்து முட்டிய வாங்குறதா? ரெண்டும் என்னோடதுதானே மிஸ்?”

எலிசபெத்தம்மா வீட்டில்

கினிகத்தேனைக்குத் தானே போய் உண்மையைச் சொல்லப்போவதாக டீச்சர் ஒரு நாள் அறிவித்தார். நானும் வரவேண்டும் என்றார். சிவநேசனின் வேனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிரோஷாவையும் கூட்டிக்கொண்டு போனோம். எலிசபெத்தம்மா மரியாதைக்குக் குறைவில்லாமல் நாற்காலி போட்டார், தேத்தண்ணி கொடுத்தார், கையைக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பையன் சுவரோரம் நின்றான். டீச்சர் எழுந்து நின்றார். ஊசி எடுத்ததையும், மறைத்ததையும், அன்றைக்குக் குமட்டியதையும் சொன்னார். உங்கள் சோற்றில் குறை இல்லை, என் வயிற்றில்தான் குறை என்றார். அதோடு நிறுத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மனசும் சரியில்லாமல் போனது, அதற்கும் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சேர்த்துச் சொன்னார்.

பெண் வீட்டில் ஒருவர் மனசுக்கு மாத்திரை எடுக்கிறார் என்றால் போதும், எங்கள் பக்கம் எத்தனையோ சம்பந்தம் அந்த இடத்திலேயே முறிந்திருக்கிறது. நிரோஷா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலிசபெத்தம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம். முடிந்தது கதை, கிளம்ப வேண்டியதுதான் என்று நான் கைப்பையைத் தேடினேன். அவர் சோற்றுச் சட்டியோடு வந்தார்.

எங்களுக்கெல்லாம் நிறையப் போட்டார். டீச்சருக்குச் சின்னப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி கொஞ்சமாக வைத்தார். ஊசி மறுபடி தொடங்கியிருந்ததால் அதிலும் டீச்சரால் நாலு வாய்க்கு மேல் முடியவில்லை. கை தட்டிலேயே நின்றுவிட்டது. எல்லாரும் அந்தத் தட்டையே பார்த்தோம். எலிசபெத்தம்மா எட்டி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்து, மிச்சச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். பிள்ளையின் எச்சிலை அம்மா சாப்பிடுவாள், புருஷன் எச்சிலைப் பெண்சாதி சாப்பிடுவாள். சம்பந்தி எச்சிலைச் சம்பந்தி சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. டீச்சர் அழுதார். முதலில் கண்ணில் மட்டும், பிறகு தோள் குலுங்கி, பிறகு சத்தமாகவே. ஒருவரும் தடுக்கவில்லை. நிரோஷா அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டே அழுதாள். நான் அசையாமல் இருந்தேன். எலிசபெத்தம்மா தட்டை வழித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“முடிஞ்சத நீங்க சாப்பிடுங்க சம்மந்தி, முடியாதத நான் சாப்பிடுறேன். இதுக்குப் போயி இவ்வளவு நாளா ஒத்தையில கெடந்தீங்களே.”

ஆக, இளைப்பதற்கு ஊசி போட்டுக்கொள்கிற ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட ஒரு ஆள் வேண்டும் என்பதும், ஆள் கிடைக்காத வீடுகளில் அந்த ஆள் நானாகவே ஆகிவிடுவதால் டாக்டர் இப்போதெல்லாம் என்னையும் தராசில் ஏறச் சொல்கிறார் என்பதும்தான் இந்தத் தொழிலில் நான் கண்ட மிச்சம்.